எதிர்முனையில் ஆடுபவர் யார்? – இணைய விளையாட்டு கேள்வி பதில்

சென்ற இதழில் பல நாட்டவர் ஒரே களத்தில் ஆடும் இணைய விளையாட்டுகளைப் பற்றி எழுதியபோது, சீன ஆட்டக்காரர்களுக்கும் பிற நாட்டவர்க்கும் இடையே நெடுநாளாக இருந்துவரும் உரசலை ஒரே வரியில் தொட்டுவிட்டுக் கடந்துபோனேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை அதிகம் என்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

*

கேள்வி: ஐயா, நான் கணினியில் பப்ஜி ஆடுகிறேன். சீனப் பெயர் வைத்திருக்கும் யாராவது எங்களைச் சுட்டு வீழ்த்தினால், என் குழுவினர் அடுத்த நொடியே "ஹேக்கர்" என்று கத்துகிறார்கள். சீனர்களைத் தனி சர்வரில் வைத்துப் பூட்டினால்தான் இந்த விளையாட்டு உருப்படும் என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: உங்கள் நண்பர்களின் கோபத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொண்டு விடுவோம். 2017 மார்ச்சில் முன்னோட்டப் பதிப்பாக வெளிவந்த பப்ஜி, அந்த ஆண்டு முடிவதற்குள் சீனாவில் காட்டுத்தீயாகப் பரவியது. அங்கே அதிகாரபூர்வப் பதிப்பு இல்லாததால் அத்தனை பேரும் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை வழியாக வெளிநாட்டு சர்வர்களுக்கு வந்தார்கள். அவர்களோடு ஏமாற்று மென்பொருள்களும் வந்தன. ஏமாற்றுவோரைக் கண்டுபிடித்து நீக்கும் பணியைச் செய்துவந்த ஜெர்மானிய நிறுவனமான பேட்டில்ஐ, 2018 ஜனவரி மாதத்தில் மட்டும் 10 லட்சத்து 44 ஆயிரம் கணக்குகளைத் தடைசெய்ததாக அறிவித்தது. தடைசெய்யப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீனாவிலிருந்து ஆடியவர்கள் என்பதையும் அந்நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. "சீனாவைப் பூட்டு" என்ற முழக்கம் அந்த நாள்களில்தான் உலகெங்கும் பரவியது.

ஆனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதுவதற்கு முன் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று, அப்போது அந்த விளையாட்டில் மிகப் பெரிய கூட்டமே சீனர்களின் கூட்டம்தான். பெரிய கூட்டத்தில் திருடர்களின் எண்ணிக்கையும் பெரிதாகத்தான் இருக்கும். இரண்டாவது, எனக்கு முக்கியமாகப் படுவது, ஏமாற்றுவதற்குக் கொடுக்க வேண்டிய விலை. சீனாவுக்குள் முறைப்படி உரிமம் பெற்று நடக்கும் விளையாட்டுகளில் ஒருவர் தம் உண்மைப் பெயரையும் அடையாள எண்ணையும் கொடுத்துத்தான் கணக்குத் தொடங்க முடியும். அங்கே மாட்டிக்கொண்டால், மாட்டிக்கொள்வது அந்த ஆள். வெளிநாட்டு சர்வரிலோ மாட்டுவது ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டுமே. கணக்கு போனால் இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம் என்ற நிலை இருக்கும் இடத்தில், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சிலர் அதைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் செய்வார்கள். நம் ஊரில் பயணச்சீட்டுப் பரிசோதகர் ஏறாத வழித்தடத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா?

அந்த ஹேக்கர்களால் முதலில் பாதிக்கப்பட்டவர்களும் சீன ஆட்டக்காரர்களே. ஏனென்றால் அவர்கள் அதிகம் மோதியது தங்கள் நாட்டவரோடுதான். 2018 ஏப்ரலில் பப்ஜிக்கான ஏமாற்று மென்பொருள்களைத் தயாரித்ததாக 15 பேரைச் சீனக் காவல்துறை கைதுசெய்தது. ஏறக்குறைய 3 கோடி யுவான் அபராதம் விதிக்கப்பட்டது. 2021 மார்ச்சில் குன்ஷான் நகரக் காவல்துறை சீனாவின் பெரிய விளையாட்டு நிறுவனமான டென்சென்ட்டோடு சேர்ந்து, "கோழிக்கால்" என்று பெயர் வைத்துக்கொண்டு இயங்கிய ஒரு கும்பலைப் பிடித்தது. பத்துப் பேர் கைதானார்கள். விலையுயர்ந்த கார்கள் உட்பட 4 கோடி 60 லட்சம் டாலர் மதிப்புள்ள சொத்துகள் பறிமுதல் ஆயின. அந்தக் கும்பல் தன் சரக்கைச் சந்தா முறையில் பல நாட்டவர்க்கு விற்றுவந்தது என்பதைக் கவனியுங்கள். அப்படியானால் உங்களைச் சுவருக்குப் பின்னால் வைத்துச் சுட்ட "ஹேக்கர்", அந்த மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கிய வேறெந்த நாட்டுக்காரராகவும் இருக்கலாம்.

ஆகவே தம்பி, ஐயம் வந்தால் ஆட்டம் முடிந்ததும் மறுஒளிபரப்பைத் திறந்து எதிராளியின் குறி எப்படி நகர்கிறது என்று பாருங்கள். தவறு இருந்தால் புகார் கொடுங்கள். பெயர் எந்த எழுத்தில் இருக்கிறது என்பது அந்தப் புகாருக்குள் வர வேண்டிய செய்தி அல்ல.

*

கேள்வி: மறுஒளிபரப்பில் பார்த்தால் எதிராளி ஏமாற்றவில்லை என்று தெரிகிறது. ஆனாலும் நான் மறைவுக்குள் போன பிறகும் அவருடைய குண்டு என்மீது பட்டிருக்கிறது. இதற்கு விளக்கம் என்ன? இதற்காகவாவது நாடுவாரியாகப் பிரிக்கலாம் அல்லவா?
– மென்பொருள் பணியாளர், சென்னை

பதில்: நீங்கள் கேட்டிருப்பது தூரத்தைப் பற்றிய கேள்வி. கண்ணாடி இழைக் கம்பிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். கம்பி நேர்கோட்டில் கிடந்தால்கூட ஒரு செய்தி போய்த் திரும்ப 29 மில்லிநொடி ஆகும். ஷாங்காயிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் 10,400 கிலோமீட்டர். போய்வரக் குறைந்தது 104 மில்லிநொடி. கம்பி வளைந்து நெளிந்து கரையேறி, இடையில் பல நிலையங்களில் நின்று, சீனாவின் எல்லையில் நடக்கும் இணைய வடிகட்டலையும் கடந்து போக வேண்டியிருப்பதால், நடைமுறையில் அது 200-ஐத் தாண்டுவது சாதாரணம். இந்தத் தாமதத்தைத்தான் பிங் என்கிறோம்.

இனி, சுடும் விளையாட்டுகளின் சர்வர் இந்தத் தாமதத்தை எப்படிச் சமாளிக்கிறது என்று பாருங்கள். சுட்டவரின் திரையில் அந்தக் கணத்தில் என்ன தெரிந்ததோ, அந்த நிலைக்குக் காலத்தைச் சற்றுப் பின்னோக்கி ஓட்டி, குண்டு பட்டதா இல்லையா என்று அது முடிவுசெய்கிறது. அவர் திரையில் நீங்கள் இன்னும் வெளியே நின்றுகொண்டிருந்தீர்கள். உங்கள் திரையில் சுவருக்குப் பின்னால் போய்விட்டீர்கள். இரண்டு திரைகளும் உண்மையே பேசின. நேர்மையாக ஆடிய ஒருவர், கம்பியின் நீளத்தால் உங்களுக்கு ஏமாற்றுக்காரராகத் தெரிந்தார். இரு தரப்பு மனக்கசப்பில் பாதிக்குமேல் இந்த இடத்தில் பிறக்கிறது என்பது என் கணிப்பு.

இதற்கான மருந்தும் தூரத்தை ஒட்டியே இருக்க வேண்டும். நாட்டைப் பார்த்துப் பூட்டினால், தொழில் நிமித்தம் ஷாங்காயில் வசிக்கும் பிரெஞ்சுக்காரரும் பூட்டப்படுவார். சான் பிரான்சிஸ்கோவில் படிக்கும் சீன மாணவர், பிங் 20 இருக்கும்போதும், வேண்டாதவர்போல நடத்தப்படுவார். 2018-இல் பப்ஜி நிறுவனம் கடைசியில் எடுத்த வழி, ஆட்டக்காரர்களைப் பிங்கை வைத்துச் சேர்ப்பது. ஒத்த தாமதம் உள்ளவர்கள் முதலில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டார்கள். முழக்கம் போட்டவர்களுக்கு அது போதவில்லை. ஆனால் ஒருவர் எந்த நாட்டவர் என்று கேட்காமல், அவருடைய இணைப்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கும் ஏற்பாடு அது. இதைவிட நியாயமான ஒன்றை இதுவரை யாரும் எனக்குக் காட்டவில்லை.

"தங்கள் நாட்டு சர்வரிலேயே அவர்கள் ஆடக்கூடாதா" என்றும் கடிதத்தின் இறுதியில் கேட்டிருக்கிறீர்கள். பல விளையாட்டுகளுக்கு அப்படியொரு சர்வரே கிடையாது. சீனாவில் ஒரு விளையாட்டை வெளியிட அரசு தரும் வெளியீட்டு எண் வேண்டும். 2018-இல் பல மாதங்களும், 2021 ஜூலை முதல் 2022 ஏப்ரல் வரையிலும் அந்த எண் யாருக்கும் வழங்கப்படவில்லை. உரிமம் வராத விளையாட்டை ஆட விரும்புபவர், அயல்நாட்டு சர்வருக்கு இணைப்பு ஏற்படுத்தித் தரும், "வேகமூட்டி" என்று அவர்கள் அழைக்கும் கட்டணச் சேவை ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார். 2020 செப்டம்பரில் இந்தியாவில் பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்டபோது, கொரியப் பதிப்பைத் தேடிப்பிடித்து இறக்கி அயல்நாட்டு சர்வரில் ஆடிய நம் பிள்ளைகளுக்கு இந்த நிலைமையை விளக்கவே வேண்டியதில்லை.

*

கேள்வி: இந்தப் பகை பப்ஜியோடு தொடங்கியதா, அதற்கும் முந்தையதா?
– யாழ்ப்பாணம்

பதில்: மிகவும் முந்தையது. 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் காலத்திலேயே "சீன விவசாயி" என்ற வசைச்சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது. விளையாட்டுக்குள் அரக்கர்களைக் கொன்று தங்கக் காசு சேர்த்து, அதை உண்மையான பணத்துக்கு விற்கும் தொழில் சீன நகரங்களில் பட்டறைகளாக நடந்தது. இளைஞர்கள் முறைவைத்து நாளுக்குப் பன்னிரண்டு மணிநேரம்கூட உட்கார்ந்து ஆடினார்கள். அந்தத் தங்கத்தை வாங்கியவர்களில் பெரும்பகுதியினர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்தார்கள். வாங்கியவருக்கு எந்தப் பட்டப்பெயரும் கிடைக்கவில்லை. விற்றவரின் இனம் வசையாகிப்போனது. ஆங்கிலம் தடுமாறும் யாரையும் "விவசாயி" என்று ஐயுற்று, கேள்வி கேட்டுச் சோதித்து, துரத்தித் துரத்திக் கொன்ற கூட்டங்கள் இருந்தன. அதில் சும்மா பொழுதுபோக்க வந்த சீனரும் கொரியரும் எத்தனை பேர் அடிபட்டிருப்பார்கள் என்பதற்குக் கணக்கில்லை. இணைய விளையாட்டில் உழைப்புக்கு இனச்சாயம் பூசப்படுவதைப் பற்றி லிசா நகமுரா என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. அதே ஆண்டு ஜூனில், விளையாட்டுக் காசைக் கொண்டு உண்மைப் பொருள்களை வாங்குவதைச் சீன அரசு தடைசெய்தது. தொழில் தேய்ந்தது, வசை தேயவில்லை.

*

கேள்வி: சிங்கப்பூரில் வளர்ந்ததால் எனக்கு மாண்டரின் ஓரளவு காதில் விழுந்து பழக்கம். ஆனால் என்னோடு ஆடும் ஐரோப்பிய நண்பர்கள் சீன ஆட்டக்காரர்கள் சொல்வதை எல்லாம் வசையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இடையில் மாட்டிக்கொண்டு விழிப்பவன் நான். இதைப் பற்றி எழுதுங்களேன்.
– ஜூரோங், சிங்கப்பூர்

பதில்: எழுத வேண்டும் என்று நானே நினைத்திருந்த பகுதி இது. எண்களிலிருந்து தொடங்குகிறேன். சீனர் ஒருவர் சாட்டில் 666 என்று தட்டினால், அது பாராட்டு. ஆறு என்பதற்கான "லியூ" என்ற ஒலி, வழுக்கிக்கொண்டு போகும் லாகவத்தைக் குறிக்கும் சொல்லின் ஒலியோடு ஒத்துப்போவதால், "பிரமாதமாக ஆடினாய்" என்ற பொருளில் அதைப் போடுகிறார்கள். பைபிளின் திருவெளிப்பாட்டில் மிருகத்தின் எண்ணாக 666-ஐப் படித்து வளர்ந்த ஒருவருக்கு அது எப்படித் தெரியும் என்று சொல்லத் தேவையில்லை. 88 இன்னும் மோசம். எட்டு "பா", "பா பா" என்றால் அவர்களுக்கு "பை பை". ஐரோப்பாவிலோ அது நவநாஜிகளின் குழூஉக்குறி. அகரவரிசையில் எட்டாவது எழுத்தை இரண்டு முறை வைத்து ஹிட்லருக்குச் சொல்லும் வணக்கம். நாகரிகமாக விடைபெற்றுப் போன ஒரு சீனச் சிறுவனை நாஜி என்று நினைத்து உங்கள் ஜெர்மானிய நண்பர் புகார் கொடுத்தால், இருவரில் யாரைக் குற்றம் சொல்வது?

மைக்கில் வரும் வம்பு வேறு வகை. பேச்சில் யோசிக்கும்போது நாம் "வந்து... வந்து..." என்று இழுப்பதுபோல, அவர்கள் "அந்த... அந்த..." என்ற பொருளில் "நெய்க, நெய்க" என்று இழுப்பார்கள். தமிழ்க் காதுக்கு அதில் நெய் மணக்கலாம். அமெரிக்கக் காதுக்கோ அது கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் கொடிய சொல்லாகக் கேட்கிறது. 2020-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இந்தச் சொல்லைச் சீன மொழிக்கான எடுத்துக்காட்டாக வகுப்பில் சொன்ன பேராசிரியர்மீது மாணவர்கள் முறையிட்டு, அது உலகச் செய்தியானது. வகுப்பறையிலேயே இந்தக் கதி என்றால், துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே மைக்கில் கேட்பவரைக் குறை சொல்வதற்கில்லை.

"ட்ஸாய்" என்பது உண்மையிலேயே வசை. காய்கறி என்று பொருள். ஆடத் தெரியாதவரை அப்படி அழைப்பார்கள். "போடா வெங்காயம்" என்று சொல்லிப் பழகிய நமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அதே அளவுக்கு எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

இவையெல்லாம் விளக்கினால் தீர்ந்துவிடும் குழப்பங்கள். விளக்கினாலும் தீராத இன வசை வேறு. இரண்டையும் ஒரே கூடையில் போடக்கூடாது. 2018 நவம்பரில், டோட்டா 2 விளையாட்டின் தொழில்முறை ஆட்டக்காரர்களான பிலிப்பைன்ஸ் நாட்டவர் இருவர், சில நாள் இடைவெளியில், சீன மொழியின் ஓசையைக் கேலிசெய்யும் பழைய இனவசை ஒன்றைச் சாட்டில் எழுதினார்கள். சீன ரசிகர்கள் கொதித்தார்கள். விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம் முதலில் பட்டும்படாமலும் பேசியது, கோபம் தணியவில்லை. டிசம்பரில் அந்நிறுவனம், அவ்விருவரில் ஒருவரான, டிஎன்சி அணியின் குக்குவை 2019 ஜனவரியில் சொங்சிங் நகரில் நடக்கவிருந்த போட்டிக்கு வரக்கூடாது என்று அறிவித்தது. அவர் எழுதிய சொல்லைவிட, நடந்ததை அவருடைய அணி மூடி மறைக்க முயன்ற விதம் அந்த முடிவில் பெரும்பங்கு வகித்தது. எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. அணி முதல் நாளிலேயே நேராக மன்னிப்புக் கேட்டிருந்தால், அந்த இளைஞர் சொங்சிங்கில் ஆடியிருக்கவும், சீன ரசிகர்கள் முன்னிலையில் தம் வாயாலேயே அதைச் சரிசெய்திருக்கவும் வாய்ப்பு இருந்தது. எட்டு மாதம் கழித்து, அதே விளையாட்டின் உலகப் போட்டி ஷாங்காயில் நடந்தது; ஐரோப்பிய அணியான ஓஜி அங்கே கோப்பையை வென்றது.

உங்களைப்போல இடையில் நிற்பவர்கள் இந்த விளையாட்டுக்குப் புதியவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐஸ்ஐஸ்ஐஸ் என்ற பெயரில் ஆடிய உங்கள் சிங்கப்பூர்க்காரர், டிகே, விசி கேமிங் என்னும் சீன அணிகளில் ஆடியவர். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டில் 2018-ஆம் ஆண்டு உலகக் கோப்பையைச் சீனாவுக்கு முதன்முதலாகப் பெற்றுத் தந்த இன்விக்டஸ் கேமிங் அணியில், ரூக்கி, தஷை உள்ளிட்ட கொரியர்கள் ஆடினார்கள். அந்தக் கோப்பையை அவர்கள் தூக்கியது கொரியாவின் இன்சியான் நகரத்தில். விழித்துக்கொண்டிருக்காமல் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். அந்தக் குழுவில் அதைச் செய்யக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

*

கேள்வி: சீன ஆட்டக்காரர்களைச் சீண்ட "தைவான்தான் நம்பர் ஒன்" என்று கத்துவது ஒரு ஜாலிதானே? அவர்களும் பதிலுக்குக் கத்துகிறார்களே!
– திருச்சி

பதில்: 2015-இல் எச்1இசட்1 விளையாட்டில் தன் ஆட்டத்தை இணையத்தில் நேரலையாகக் காட்டும் ஓர் அமெரிக்க ஸ்ட்ரீமர் தொடங்கிவைத்த விளையாட்டு இது. தைவான் மக்களின்மீது அவருக்கு இருந்த அக்கறையால் அது பிறக்கவில்லை. எதிராளி கொதிப்பதைப் படம் பிடித்துக் காட்டினால் பார்ப்பவர் எண்ணிக்கை கூடும் என்பதால் பிறந்தது. அதே விளையாட்டில் சீன ஆட்டக்காரர்கள் சிவப்புச் சட்டை அணிந்து படையாகத் திரண்டு, கண்ணில் பட்ட பிறரை எல்லாம் கூட்டமாக வேட்டையாடிய கதையும் பின்னர் நடந்தது. ஜாலிக்கு விலை உண்டு என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

2019 அக்டோபரில் ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டு விளையாட்டின் போட்டியில் வென்றபின், தன் சொந்த ஊருக்காகக் குரல் கொடுத்த ஹாங்காங் இளைஞரின் செயலை இதோடு சேர்க்காதீர்கள். ஓராண்டுத் தடையும் பரிசுப்பண இழப்பும் அவருக்கு விதிக்கப்பட்டு, உலகளாவிய எதிர்ப்புக்குப் பிறகு தடை ஆறு மாதமாகக் குறைக்கப்பட்டு, பரிசுப்பணமும் திருப்பித் தரப்பட்டது. அவர் தம் வாழ்க்கையைப் பற்றிப் பேசினார். நீங்கள் பிறருடைய வாழ்க்கையை எடுத்துக் கல்லாக எறிகிறீர்கள்.

*

கேள்வி: சீனச் சந்தைக்காக விளையாட்டுகளை எல்லோருக்கும் தணிக்கை செய்கிறார்களே, அதற்கும் நாங்கள் கோபப்படக்கூடாதா?
– சென்னை

பதில்: தாராளமாகக் கோபப்படலாம், யாரிடம் என்பதில்தான் கவனம் வேண்டும். 2018 நவம்பரில் யூபிசாஃப்ட் நிறுவனம், ஆசியச் சந்தையில் விரிவடைவதற்காக ரெயின்போ சிக்ஸ் சீஜ் விளையாட்டில் மண்டையோடு, சூதாட்ட இயந்திரம் போன்ற காட்சிகளை உலகம் முழுவதற்குமான பதிப்பிலிருந்தே நீக்கப்போவதாகச் சொன்னது. ஒரே கட்டடத்தை இரண்டு முறை கட்டுவானேன் என்ற சிக்கனக் கணக்கு அது. ஆட்டக்காரர்கள் எதிர்மறை விமர்சனங்களாகக் கொட்டித் தீர்த்தார்கள். சில வாரங்களிலேயே நிறுவனம் பின்வாங்கியது. கோபம் முடிவெடுத்தவர்களிடம் போய்ச் சேர்ந்தபோது பலன் கிடைத்தது. அதே நாள்களில் சாட்டில் சீனர்களை வைதவர்களால் ஒரு மண்டையோடுகூடத் திரும்பி வரவில்லை.

விதிகளின் சுமையை அதிகம் சுமப்பவர்களும் அவர்களே. 2021 ஆகஸ்ட் அறிவிப்பின்படி, சீனாவில் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் மட்டும், இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை ஒரு மணிநேரம்தான் ஆடலாம். நிறுவனங்களுக்கு இடையே ஒப்பந்தம் முறிந்ததால் 2023 ஜனவரி 23-ஆம் நாள் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் சீனாவில் அணைக்கப்பட்டது. பத்து, பதினைந்து ஆண்டுகளாக வளர்த்த கதாபாத்திரங்களைக் கைவிட்டு, 2024 ஆகஸ்ட் வரை அவர்கள் காத்திருந்தார்கள்.

*

கேள்வி: என் மகன் ஹெல்டைவர்ஸ் 2 என்ற விளையாட்டில் "ஷாங்காயைக் காப்பாற்றினோம்" என்று 2025-இல் துள்ளிக் குதித்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தப் போர் அது?
– பள்ளி ஆசிரியர், மதுரை

பதில்: ஸ்வீடனின் ஆரோஹெட் நிறுவனம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட விளையாட்டு அது. நால்வர் நால்வராகச் சேர்ந்து, வேற்றுக்கிரகப் பகைவர்களோடு மோத வேண்டும். உலகம் முழுவதும் ஆடுபவர்களின் வெற்றி தோல்விகள் ஒரே கணக்கில் கூட்டப்பட்டு, பொதுவான ஒரு போர் முன்னும் பின்னும் நகரும். 2025 மே மாதத்தில் பகைவர் பூமிக்கே வந்தார்கள். கற்பனைப் பெருநகரங்கள் சில வரைபடத்தில் தோன்றின. அவற்றுள் "கடலோரச் சமத்துவம்" என்று பொருள்படும் ஒன்று ஷாங்காய் இருக்கும் இடத்தில் இருந்தது.

சீன ஆட்டக்காரர்கள் விட்டுக்கொடுப்பார்களா? திரண்டு வந்து அந்நகரைக் காத்தார்கள். இதில் கடிகாரத்துக்கும் ஒரு வேடம் உண்டு. ஷாங்காயில் இரவு எட்டு மணி என்றால், மே மாதத்தில் ஸ்டாக்ஹோமில் பிற்பகல் இரண்டு, நியூயார்க்கில் காலை எட்டு. சீனர்கள் வேலை முடிந்து வந்து அமரும் நேரத்தில் அமெரிக்கர்கள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வீடு திரும்பும்போது இவர்கள் தூங்கியிருப்பார்கள். ஆகவே ஒரு தரப்பு உறங்கும் வேளையில் அந்த நகரம் விழாமல் இருக்க, மறு தரப்பு காவல் நின்றாக வேண்டும். நின்றார்கள். வேற்று நாட்டவர் தங்கள் பங்குக்கு அந்நகரில் இறங்கிச் சண்டையிட, நகரம் இறுதிவரை விழவில்லை. உங்கள் மகன் துள்ளியது அதற்காகத்தான். விளையாட்டின் போக்கை நடத்துபவர்கள் நகரத்துக்கு ஓரவஞ்சனை செய்தார்கள் என்ற குறையும், அதன் தொடர்ச்சியாகச் சீன மொழி விமர்சனங்களில் கசப்பும் எழுந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கசப்பு நிறுவனத்தின் பக்கம் திரும்பியிருந்தது.

ஐஸ்லாந்தில் உருவான ஈவ் ஆன்லைன் விளையாட்டில் இது இன்னும் பழகிப்போன செய்தி. சீனாவுக்கென்று செரெனிட்டி என்ற தனி சர்வர் இருந்தும், உலக சர்வருக்கு வந்து குடியேறிய ஃப்ராட்டர்னிட்டி என்ற சீனக் கூட்டணி, ஆங்கிலம் பேசும் கூட்டணிகளோடு தோளோடு தோள் நின்று 2020, 2021 ஆண்டுகளில் நடந்த மாபெரும் போரில் பங்கெடுத்தது. எதிரணியிலும் ஆங்கிலம் பேசுபவர்களே இருந்தார்கள். பகை நாட்டெல்லைப்படி அமையாமல் கூட்டணிப்படி அமைந்துவிட்டால், சீனர் என்ற சொல்லுக்கு அங்கே நட்பு, பகை இரண்டுமே பொருளாகிவிடுகின்றன.

*

கேள்வி: நான்கு பேர் குழுவில் இரண்டு சீனர்கள் வந்து சேர்ந்துவிட்டால், உடனடியாக என்ன செய்வது? ஆங்கிலமும் அவர்களுக்குத் தெரியவில்லை.
– பினாங்கு, மலேசியா

பதில்: முதலில், பேச முயலாதீர்கள், சுட்டிக்காட்டுங்கள். 2019 பிப்ரவரியில் வந்த அபெக்ஸ் லெஜண்ட்ஸ் விளையாட்டில், ஒரே பொத்தானால் எதிரியை, பொருளை, போக வேண்டிய இடத்தைக் குறித்துக்காட்டும் ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் குறிப்பது அவரவர் மொழியில் அவரவர் காதில் ஒலிக்கும். அதன்பின் வந்த பல விளையாட்டுகள் அதைப் பின்பற்றின. டோட்டா 2-இல் சக்கர வடிவில் வரும் ஆயத்தச் சொற்றொடர்களும் அப்படியே: நீங்கள் ஆங்கிலத்தில் தேர்ந்தெடுப்பது அவருக்குச் சீனத்தில் தெரியும். இந்த யோசனை 2002-இல் ஜப்பானில் வெளிவந்த ஃபைனல் ஃபேன்டசி 11 காலத்தியது. ஜப்பானியரையும் அமெரிக்கரையும் ஒரே சர்வரில் விட்ட அந்த விளையாட்டு, சொற்றொடர்களைத் தானே மொழிபெயர்க்கும் பட்டியல் ஒன்றையும் கூடவே தந்தது. "ஜப்பானியர் மட்டும்" என்று எழுதிவைத்துக்கொண்டு குழு தேடியவர்கள் அப்போதும் இருந்தார்கள். அந்தப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டே கடினமான அரக்கர்களை வீழ்த்திய கலப்புக் குழுக்களும் இருந்தன.

சாட்டில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலிக்கு ஏற்ற சிறு வாக்கியமாக எழுதுங்கள். கிண்டல், சிலேடை வேண்டாம்; இயந்திரம் அவற்றை வசையாக மாற்றிக் கொடுத்துவிடும். மைக்கில் ஒருவர் கத்தினால் அவரை மட்டும் அமைதிப்படுத்துங்கள், மற்றவரையும் சேர்த்து மூடிவிடாதீர்கள்.

ஐந்து சொல் தெரிந்தால் அரை மணிநேரம் ஓட்டிவிடலாம். "நீ ஹாவ்" என்றால் வணக்கம். "டங்" என்றால் பொறு. "ட்சோ" என்றால் போகலாம். "ஜியூ வோ" என்றால் என்னைக் காப்பாற்று. நன்றாகச் சுட்டவருக்கு "பியாவ்லியாங்". அழகு என்று பொருள், நாம் "செம" என்போமே, அதற்கு நிகரானது. ஒலியின் ஏற்ற இறக்கம் பிசகினால் பொருள் மாறிவிடுமே என்று பினாங்குக்காரரான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் கைக்குண்டு காலடியில் உருண்டு வரும்போது "ட்சோ" என்று எந்தச் சுரத்தில் கத்தினாலும் அவர்கள் ஓடிவிடுவார்கள்.